ஸ்பெக்ட்ரம் கேசட்டிலிருந்து பழைய நிரலை மீட்பது: எந்தக் கோளாறுக்கு என்ன மருந்து

என் மனைவியின் தம்பி லண்டனில் வளர்ந்தவன். அவன் சிறுவனாக இருந்தபோது வீட்டில் இருந்த கணினி இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். சிங்கிளேர் நிறுவனம் 1982 ஏப்ரலில் வெளியிட்டது. 48 கே நினைவகம், ரப்பர் விசைகள், திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சி. எழுதிய நிரலைச் சேமிக்கச் சாதாரண டேப் ரெக்கார்டரும் கேசட்டும்தான். அந்தக் கேசட்டுகள் பரணில் ஒரு செருப்புப் பெட்டிக்குள் கிடந்தன. சென்ற ஆண்டு வீடு மாறியபோது பெட்டி என்னிடம் வந்து சேர்ந்தது.

கடையில் வாங்கிய விளையாட்டுகளை நான் தொடவில்லை. அவற்றை யாராவது எப்போதோ நகலெடுத்து வைத்திருப்பார்கள். கையெழுத்தில் பெயர் எழுதிய ஏழு கேசட்டுகளைத்தான் எடுத்துக்கொண்டேன். அவற்றில் இருந்தவற்றுக்கு உலகத்திலேயே வேறு பிரதி கிடையாது. அந்த ஏழில் பட்ட அடிகளிலிருந்து எழுதுகிறேன். கேசட்டின் ஒலியை மடிக்கணினியில் பதிந்து, அதை ஒரு மென்பொருளால் கோப்பாக மாற்றி, எமுலேட்டரில் (பழைய கணினிபோலவே நடந்துகொள்ளும் மென்பொருளில்) ஓட்டுவதுதான் வழி. உங்களுக்கு நேர்ந்த கோளாறு எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் கேசட்டை ஓட்டும் முன் மூன்று காரியங்களைச் செய்துவிடுங்கள். கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சிறிய பிளாஸ்டிக் மூடிகளை உடைத்துவிடுங்கள்; பிறகு தவறிப்போய் ரெக்கார்ட் பொத்தானில் கை பட்டாலும் அழியாது. ரெக்கார்டரின் ஹெட்டை (நாடாவைப் படிக்கும் முனையை) ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். உறையில் இருக்கும் அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுங்கள். மூன்றாவதை நான் செய்யவில்லை. அதன் விலையைக் கீழே சொல்கிறேன்.

ஒலி மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது

முதலில் கேசட்டைப் பாருங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறிய பஞ்சுத் துண்டு பல கேசட்டுகளில் உதிர்ந்திருக்கும். அப்படியானால் நாடாவை வேறொரு நல்ல கேசட்டின் கூட்டுக்குள் மாற்றுங்கள். திருகு போட்ட கூடாக இருந்தால் கால் மணி நேர வேலை.

பஞ்சு சரியாக இருந்தால் ஹெட்டின் சாய்வுதான் காரணம். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சிறிய திருகு இருக்கும். அது இப்போது நிற்கும் நிலையைக் குறித்துக்கொண்டு, கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். தரவு வரும் கரகரப்பில் எந்த இடத்தில் கூர்மை அதிகமாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். சாய்வை ஒழுங்கான அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று நினைக்காதீர்கள். அன்று பதிந்த ரெக்கார்டரே கோணலாக இருந்திருக்கலாம். அந்தக் கோணலோடுதான் நாமும் ஒத்துப்போக வேண்டும். அடுத்த கேசட்டுக்குத் திரும்பவும் திருக வேண்டியிருக்கும்.

காதுக்கு நன்றாகக் கேட்கிறது, மென்பொருள் ஒன்றையும் கண்டுகொள்ளவில்லை

ஸ்பெக்ட்ரம் கேசட்டின் ஒலி ஒரே ஒழுங்கில் வரும். ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸில் ஐந்து விநாடிக்கு ஒரு நீண்ட கூவல். அதைத் தொடர்ந்து ஒரு சின்னக் கரகரப்பு. அந்தக் கரகரப்புதான் தலைப்பு: நிரலின் பெயர், வகை, நீளம். ஒரு விநாடி மௌனம். மறுபடி இரண்டு விநாடி கூவல், பிறகு நிரல் முழுவதற்குமான நீண்ட கரகரப்பு. இந்த வரிசை உங்கள் காதில் விழுந்தால் கேசட் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியும் மென்பொருளுக்குப் பிடிபடவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி உங்கள் மடிக்கணினிதான். அதிலுள்ள இரைச்சல் நீக்கும் வசதி, மாறாமல் தொடரும் எந்த ஒலியையும் மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி அழித்துவிடும். அந்தக் கூவலும் மாறாமல் தொடரும் ஒலிதானே! இரைச்சல் நீக்கம், தானாக ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி, ரெக்கார்டரில் டால்பி என்ற இரைச்சல் குறைப்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 வேண்டாம். ஸ்டீரியோ டெக்காக இருந்தால் இரண்டு பக்கத்தையும் கலக்காமல், தெளிவாக இருக்கும் ஒரு பக்கத்தை மட்டும் எடுங்கள். ஹெட் சற்றே சாய்ந்திருந்தாலும் இரண்டையும் கூட்டும்போது உயர் ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒலியளவு கொஞ்சம் அதிகமானால் கவலைப்பட வேண்டாம், குறைந்தால்தான் தொல்லை. அலை மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதை மட்டுமே ஸ்பெக்ட்ரம் பார்க்கிறது. அழகு அதற்குத் தேவையில்லை.

வேவ் கோப்பை டி.ஏ.பி. அல்லது டி.இசட்.எக்ஸ். கோப்பாக (எமுலேட்டர் படிக்கும் இரண்டு கேசட் வடிவங்கள்) மாற்ற ஃபியூஸ் எமுலேட்டரின் துணைக்கருவிகளில் ஆடியோ டு டேப் என்று ஒன்று இருக்கிறது. வீட்டு நிரல்களுக்கு டி.ஏ.பி. போதும். தன் சொந்த வேகத்தில் ஏறும்படி செய்த கடை விளையாட்டுகளுக்கு டி.இசட்.எக்ஸ். வேண்டும். வேவ் கோப்பை மட்டும் ஒருநாளும் அழிக்காதீர்கள்.

பெயர் வருகிறது, பிறகு 'ஆர் டேப் லோடிங் எரர்'

தலைப்பு 17 பைட்தான், தப்பிவிடும். நிரலின் துண்டு பெரியது. வழியில் எங்கேயோ ஒரு இடத்தில் நாடா கசங்கியிருக்கிறது, அல்லது காந்தப்பொடி உதிர்ந்திருக்கிறது. முதலில் சோம்பல்படாமல் மூன்று முறை பதிந்து பாருங்கள். அடுத்து, கேசட்டின் மறுபக்கத்தைப் பாருங்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரே நிரலை இரண்டு முறை சேமிக்கும் பழக்கம் உள்ளவர்கள். ஒரு முறை நொந்தவர்கள். ஒரு பிரதியின் முன்பாதியும் இன்னொன்றின் பின்பாதியும் நன்றாக இருந்தால், ஆடாசிட்டி போன்ற ஒலித் தொகுப்பியில் மிக நெருக்கமாகப் பெரிதாக்கி ஒட்டிவிடலாம்.

பெரிதாக்கிப் பார்க்கும்போது எண்ணவேண்டியது இது: 44,100 ஹெர்ட்ஸ் பதிவில் கூவலின் ஒவ்வொரு அரை அலையும் சுமார் 27 புள்ளிகள் நீளம். தரவில் 1 என்ற பிட்டின் அரை அலை 21 அல்லது 22 புள்ளி, 0 என்பது 11. எல்லாமே ஒரே விகிதத்தில் நீண்டிருந்தால் ரெக்கார்டரின் பெல்ட் தளர்ந்து மெதுவாக ஓடுகிறது. அதைத் தொகுப்பியில் வேகத்தைக் கூட்டிச் சரிசெய்யலாம். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று 40ஐத் தாண்டிய ஒரு அரை அலை நின்றால், அங்கே ஒரு துடிப்பு விழுங்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் ஒரு சரிபார்ப்பு பைட் உண்டு. முன்னால் இருக்கும் எல்லா பைட்டுகளையும் எக்ஸார் (பிட் பிட்டாக ஒப்பிடும் கணக்கு) செய்தால் வருவது அது. ஒரே ஒரு பிட் மட்டும் புரண்டிருந்தால், கணக்கில் வரும் வித்தியாசம் அது எந்த இடத்துப் பிட் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். எந்த பைட் என்பதைச் சொல்லாது. எனக்கு ஒரு கேசட்டில் வித்தியாசம் 32 என்று வந்தது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் உள்ள இடைவெளி அதே 32. எல்லாப் பெயர்களும் பெரிய எழுத்தில் இருந்த ஒரு பட்டியலில், ஒரு பெயரின் நடுவே மட்டும் ஒரு சின்ன எழுத்து முழித்துக்கொண்டிருந்தது. அதைத் திருத்தியதும் கணக்கு நேரானது. திருத்துவதை நகலில் செய்யுங்கள். எந்த பைட்டை என்னவாக மாற்றினீர்கள் என்று எழுதியும் வையுங்கள்.

நிரல் ஏறிவிட்டது, ரன் கொடுத்தால் 'வேரியபிள் நாட் ஃபவுண்ட்'

இந்த இடத்தில்தான் நான் இரண்டு வாரம் நின்றேன்.

மாமி அந்நாளில் லண்டனில் உறவினர்களையும் ஊர்க்காரரையும் சேர்த்துச் சீட்டுப் பிடித்தார். இருபது பேர், இருபது மாதம். யார் கட்டினார், யார் பாக்கி என்று கொப்பியில் எழுதிவந்ததை மைத்துனன் ஸ்பெக்ட்ரமுக்கு மாற்றியிருந்தான். கேசட் அழகாக ஏறியது. ஸ்பெக்ட்ரமின் பேசிக் மொழியில் 62 வரி நிரல். ரன் கொடுத்தேன். இரண்டாம் எண் பிழை வந்து நின்றது. வரிகளை உரைக்கோப்பாக மாற்றி, தட்டச்சுப் பிழை தேடி, மறுபடி நிரலாக மாற்றி ஓட்டினேன். அதே பிழை. பெயர்களை வைக்கும் அட்டவணையை நிரல் கேட்கிறது, அட்டவணை இல்லை. அவனைத் தொலைபேசியில் அழைத்தேன். "அத்தான், ரன் அடிக்கக்கூடாது என்று அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருப்பேனே!" என்றான். அட்டையை நான் பெட்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

நடந்தது இதுதான். ஸ்பெக்ட்ரமில் சேவ் கொடுத்தால் நிரலின் வரிகளோடு, அந்த நொடியில் நினைவகத்தில் இருக்கும் மாறிகளும் (நிரல் பெயர் வைத்துக் காத்துவைக்கும் மதிப்புகள்) சேர்ந்தே நாடாவுக்குப் போகும். திரும்ப ஏற்றும்போது அவையும் திரும்பி வரும். ஆனால் ரன் என்ற கட்டளை நிரலைத் தொடங்கும் முன் எல்லா மாறிகளையும் துடைத்துவிடும். அதனால் தரவைத் தனக்குள்ளேயே சுமந்துகொண்டிருக்கும் இத்தகைய நிரல்களை கோ டு 10 என்பதுபோல் ஒரு வரி எண்ணுக்குத் தாவித்தான் தொடங்க வேண்டும். வரிகளை உரைக்கோப்பாக எடுத்தாலும் மாறிகள் போய்விடும். நான் இரண்டு தவறையும் அடுத்தடுத்துச் செய்திருந்தேன்.

உங்கள் நிரலுக்குள் தரவு இருக்கிறதா என்பதை ஓட்டாமலே அறியலாம். டி.ஏ.பி. கோப்பை பைட் பைட்டாகக் காட்டும் ஏதாவது கருவியில் திறந்து, எண்களைப் பதின்மத்தில் பாருங்கள். முதலில் 19, 0 என்று துண்டின் நீளம். அடுத்த 0 இது தலைப்பு என்கிறது. அதற்கடுத்த 0 இது பேசிக் நிரல் என்கிறது. பிறகு பத்து எழுத்துப் பெயர். அதன் பின்னால் என் கோப்பில் இருந்தவை: 94, 20, 0, 128, 30, 11. இரண்டிரண்டாகப் படிக்க வேண்டும். பின்னால் உள்ளதை 256ஆல் பெருக்கி முன்னால் உள்ளதைக் கூட்டுங்கள். முதல் ஜோடி 5,214: நாடாவில் இருக்கும் மொத்த நீளம். நடு ஜோடி 32,768: தானாகத் தொடங்கும் வரி எண் குறிக்கப்படவில்லை என்பதன் அடையாளம். கடைசி ஜோடி 2,846: வரிகளின் நீளம் மட்டும். இரண்டுக்கும் இடையே 2,368 பைட் வித்தியாசம். இருபதுக்கு இருபது எண்கள், எண்ணுக்கு ஐந்து பைட், அதுவே 2,000. மிச்சம் பெயர்களும் சில்லறை மாறிகளும். மாமியின் கொப்பி முழுவதும் அந்த இடைவெளிக்குள் இருந்தது. மொத்த நீளமும் வரிகளின் நீளமும் ஒன்றாகவே இருந்தால் பயமில்லாமல் ரன் கொடுக்கலாம்.

மனிதன் ஓட வேண்டிய இடத்தில் ஏ, பி, சி ஓடுகின்றன

பயனர் வரைந்த எழுத்துருக்கள் நிரலோடு சேமிக்கப்படுவதில்லை. 48 கே கணினியில் அவை 65,368ஆம் முகவரியிலிருந்து 168 பைட் இடத்தில் தனியாக இருக்கின்றன. ஏற்றப்படாதபோது அங்கே ஏ முதல் யு வரையிலான சாதாரண எழுத்துகளே நிற்கும். கேசட்டை நிறுத்திய இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் ஓட விடுங்கள். நிரலுக்குப் பின்னால் 'கோட்' வகையில் (பைட்டுகளை அப்படியே சேமித்த) ஒரு சிறு துண்டு பெரும்பாலும் இருக்கும். அதையும் அதே டி.ஏ.பி. கோப்பில், அதே வரிசையில் சேர்க்க வேண்டும்.

திரையில் சம்பந்தமில்லாமல் 'பிளே', 'ஸ்பெக்ட்ரம்' என்று சொற்கள்

எமுலேட்டர், பின்னால் வந்த 128 கே ஸ்பெக்ட்ரமின் முறையில் இருக்கிறது. 48 கே பேசிக்கில் டி, யு என்ற கடைசி இரண்டு வரைவெழுத்துகளுக்கு இருந்த எண்களை 128 கே இரண்டு கட்டளைச் சொற்களுக்கு எடுத்துக்கொண்டது. 48 கே முறைக்கு மாற்றுங்கள், முடிந்தது.

விளையாட்டு தானே ஆடுகிறது, அல்லது விசை எதையும் மதிக்கவில்லை

தானே ஓடினால், நிரல் கெம்ப்ஸ்டன் வகை ஜாய்ஸ்டிக்கை 31ஆம் போர்ட்டில் (வெளிச்சாதனங்களோடு கணினி பேசும் வாசலில்) தேடுகிறது. ஜாய்ஸ்டிக் இல்லாத இடத்தில் 255 வந்தால் எல்லாத் திசையிலும் தள்ளுகிறார்கள் என்று அது எடுத்துக்கொள்ளும். எமுலேட்டரில் கெம்ப்ஸ்டனை இணைத்துவிடுங்கள். விசையே வேலை செய்யவில்லை என்றால், நிரல் ஸ்பெக்ட்ரமின் இரண்டாம் பதிப்பு மின்சுற்றுப் பலகைக்கு எழுதப்பட்டிருக்கலாம். விசை எதையும் தொடாதபோது 254ஆம் போர்ட்டில் அந்தப் பலகை 255 தரும். மூன்றாம் பதிப்பு 191 தரும். ஃபியூஸில் இதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது.

இயந்திர மொழிக்குத் தாவும்போது கணினி உறைகிறது

முதல் வரியில் ரெம் என்று தொடங்கிக் கண்டபடி குறிகள் நிறைந்திருக்கிறதா? அது குறிப்புரை அல்ல, இயந்திர மொழி. ரெம்முக்கு அடுத்த பைட் 23,760ஆம் முகவரியில் இருக்கும் என்று நம்பி எழுதியிருப்பார்கள். எமுலேட்டரில் இன்டர்ஃபேஸ் 1 என்ற துணைக்கருவி இணைந்திருந்தால் அது நினைவகத்தில் தனக்கென 58 பைட்டைப் பிடித்துக்கொண்டு நிரல் முழுவதையும் மேலே தள்ளிவிடும். அதைக் கழற்றுங்கள். வரிகளை உரைக்கோப்பாக எடுத்து மறுபடி ஏற்றியிருந்தால், அந்தக் குறிகள் அப்போதே சிதைந்திருக்கும், டி.ஏ.பி. கோப்புக்குத் திரும்புங்கள்.

இன்னொரு கண்கட்டும் உண்டு. ஸ்பெக்ட்ரம் நிரலில் ஒரு எண்ணை எழுதினால், கண்ணுக்குத் தெரியும் இலக்கங்களுக்குப் பின்னால் அதே எண் ஐந்து பைட் வடிவில் மறைந்திருக்கும். ஓட்டும்போது கணினி மறைந்திருப்பதைத்தான் படிக்கிறது. விஷமக்காரர்கள் திரையில் ஒரு எண்ணையும் உள்ளே வேறொன்றையும் வைத்துவிடுவார்கள். பிறர் தன் நிரலைத் தட்டச்சு செய்து திருடாமல் இருக்க ஒரு சிறுவன் கண்டுபிடித்த பூட்டு அது. என் மைத்துனனும் ஒரு நிரலில் செய்திருக்கிறான். யாருக்குப் பயந்து என்று கேட்டால் சிரிக்கிறான்.

வரிகளைப் பார்க்கலாமென்றால் எதுவும் தெரியவில்லை

எழுத்தின் நிறமும் தாளின் நிறமும் ஒன்றாக இருக்கும். இங்க், பேப்பர் இரண்டையும் மாற்றுங்கள். நிரல் தானாக ஓடிப் பிடி கொடுக்காவிட்டால் லோடுக்குப் பதில் மெர்ஜ் கொடுத்து ஏற்றுங்கள், ஏறியதும் நிற்கும். முதல் வரிக்கு எண் 0 என்று வைத்துத் திருத்த முடியாமல் செய்திருந்தால், 23,756ஆம் முகவரியில் 10 என்ற எண்ணைப் போக் கட்டளையால் எழுதுங்கள். அது பத்தாம் வரியாகிவிடும்.

நீங்கள் அனுப்பியது நண்பரின் நிஜ ஸ்பெக்ட்ரமில் ஏறவில்லை

கைபேசியிலிருந்து ஒலியை அனுப்புகிறார் என்றால் ஒலியளவை உச்சத்தில் வைக்கச் சொல்லுங்கள், ஈக்வலைசர் போன்ற எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள், மோனோ கம்பியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். திரையின் ஓரத்தைக் கவனிக்கட்டும். கூவலின்போது சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் நிதானமாக நகர வேண்டும், தரவின்போது நீலமும் மஞ்சளும் மெல்லிய கோடுகளாகத் துடிக்க வேண்டும். பட்டையே வரவில்லை என்றால் ஒலி போதவில்லை. நீலமஞ்சள் வந்தும் பிழை என்றால் ஒலி கரகரக்கிறது, சற்றே குறைக்கலாம். பரணிலிருந்து இப்போதுதான் கணினியை எடுத்தார் என்றால் முதலில் மின்னடாப்டரைக் கேளுங்கள்: 9 வோல்ட், ஆனால் செருகியின் நடுமுனை எதிர்மின்முனை (நெகட்டிவ்). இன்று வீட்டில் கிடக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானவை. செருகிப் பார்ப்போம் என்று செருகினால் கணினியைக் கொன்றுவிடும்.

பகிர்வதற்கு முன்

டி.ஏ.பி. கோப்பு, வேவ் கோப்பு, அட்டையின் படம், எப்படித் தொடங்குவது என்று இரண்டு வரிக் குறிப்பு, எழுதியவரின் சம்மதம்: இவை ஐந்தும் சேர்ந்து போக வேண்டும். எமுலேட்டருக்குத் தேவையான கணினியின் ரோம் (அதற்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் மென்பொருள்) பற்றிச் சிலர் தயங்குவார்கள். சிங்கிளேரின் கணினி வணிகத்தை 1986ல் வாங்கிய அம்ஸ்ட்ராட், உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, எமுலேட்டர்களோடு ரோமைக் கொடுக்க 1999ல் அனுமதி தந்துவிட்டது. கடை விளையாட்டுகளின் உரிமை வேறு கதை, அவற்றைச் சேர்க்காதீர்கள்.

வீட்டு நிரல்களில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அந்தச் சீட்டுக் கேசட்டில் இருபது பேரின் பெயர் இருக்கிறது, யார் எந்த மாதம் சீட்டுக்காசு கட்டவில்லை என்பதும் இருக்கிறது. சிலர் இன்று இல்லை, சிலர் மாமி வீட்டுக் கல்யாணங்களுக்கு இன்னும் வருகிறார்கள். அந்தப் பிரதி குடும்பத்துக்குள்ளேயே இருக்கும். வெளியே கொடுப்பதற்கு இன்னொன்று செய்தோம். நிரலை ஏற்றி, வேண்டுமென்றே ரன் கொடுத்தோம். எல்லா மாறிகளும் போயின. பிறகு அவன் 9000ஆம் வரியில் எழுதி வைத்திருந்த புதுச்சீட்டுத் தொடங்கும் பகுதிக்குத் தாவி, இருபது பெயர்களுக்குப் பதிலாகப் பழங்களின் பெயர்களைக் கொடுத்து, தானாகப் பத்தாம் வரியில் தொடங்கும்படி சேமித்தோம். இப்போது அதில் மாம்பழம் மூன்று மாதம் பாக்கி.